முதலில் நாற்காலி, கடைசியில் ஆம்ப்ளிஃபையர்

"எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்?" கேள்வியைத் தட்டிக்கழிக்கிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. நாற்காலி எங்கே என்று தெரியாமல் ஸ்பீக்கரைப் பற்றிப் பேச முடியாது. ஸ்பீக்கர் எது என்று தெரியாமல், அதற்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்து ஆம்ப் வாங்குகிறார்கள். பிறகு அதற்குப் பொருத்தமான ஸ்பீக்கரைத் தேடுகிறார்கள். அதைக் காலியாக இருக்கும் மூலையில் வைத்துவிட்டு, சோஃபா ஏற்கெனவே கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். பாஸ், அதாவது கீழ்ச்சுருதியில் வரும் கன ஒலி, குழம்பிக் கேட்டால் ஆம்ப்பில்தான் ஏதோ குறை என்று அடுத்ததற்குக் காசு சேர்க்கத் தொடங்குகிறார்கள். அந்தக் குறையில் பெரும்பகுதி, காசே செலவழிக்காமல் ஒரு சனிக்கிழமை மதியத்தில் தீர்த்துவிடக் கூடியது.

ஏன் நாற்காலி? அறைக்குள் பாஸ் ஒலி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 43 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 43 அதிர்வு) ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8 மீட்டர். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் அது இரண்டு சுவருக்கும் நடுவே கச்சிதமாக அரை அலையாகப் பொருந்திவிடும். போன அலையும் திரும்பி வரும் அலையும் சேர்ந்து, ஓரிடத்தில் ஊதிப் பெருத்தும் இன்னோரிடத்தில் அடங்கியும் நகராமல் நிற்கும். சுவரோரம் உச்சம், நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இதன் இரண்டு மடங்கான 86 ஹெர்ட்ஸுக்கு நடுவிலும் உச்சம் வரும், அறையின் கால்பங்கு தூரத்திலும் முக்கால்பங்கு தூரத்திலும் பள்ளம் விழும். அகலத்துக்கும் உயரத்துக்கும் இதே கணக்கு தனித்தனியாக உண்டு. உங்கள் அறைக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 343ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். நீளமும் அகலமும் சமமான சதுர அறையாக இருந்தால் இரண்டு கணக்கும் ஒரே அதிர்வெண்ணில் வந்து விழும். அங்கே தொல்லையும் இரட்டிப்பு.

எழுத்தில் படிப்பதைவிட இதைக் காதால் கேட்பதே மேல். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு, மிதமான வால்யூமில் அந்த அதிர்வெண்ணை ஸ்பீக்கர் வழியாக ஓடவிடுங்கள். சின்ன ஸ்பீக்கரால் 43 வராது என்றால் 86 போதும். பிறகு எழுந்து மெதுவாக நடந்து பாருங்கள். ஓரிடத்தில் காது அடைக்கிற மாதிரி ஒலி திரளும். இரண்டு எட்டு வைத்தால் யாரோ ஸ்பீக்கரை அணைத்துவிட்டாற்போல ஓய்ந்துபோகும். அந்த இரண்டு எட்டில் மாறுகிற அளவுக்கு ஒலியை மாற்றக்கூடிய ஆம்ப்ளிஃபையர் உலகத்தில் கிடையாது. இதை ஒருமுறை கேட்டவர்களிடம் அறையின் முக்கியத்துவத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருப்பதில்லை.

ஆகவே பின்சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லா பாஸும் வீங்கித்தான் கேட்கும். நட்டநடுவில் உட்கார்ந்தால் அடிமட்ட பாஸ் காணாமல் போகும். நீளவாக்கில் ஒரு சுவரிலிருந்து 38 சதவீத தூரத்தில் தொடங்கிப் பாருங்கள் என்று ஸ்டூடியோ அமைப்பவர்கள் சொல்வது இதனால்தான். 4 மீட்டர் அறையில் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து பார்ப்பதற்கான தொடக்கப்புள்ளி, அவ்வளவுதான். சோஃபாவைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட முடிந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்தது ஸ்பீக்கருக்கும் அதன் பின்னாலுள்ள சுவருக்கும் உள்ள தூரம். பாஸ் ஒலி முன்பக்கம் மட்டும் போவதில்லை, எல்லாத் திசையிலும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி, முன்னால் வந்துகொண்டிருக்கும் ஒலியோடு சேரும். அந்தத் தூரம் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், போய் வந்த தூரம் அரை அலை. அப்போது இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும். ராய் ஆலிசன் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் 1970களில் இதை விரிவாக அளந்து எழுதினார். ஸ்பீக்கரின் முன்முகத்திலிருந்து சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தால் பள்ளம் 86 ஹெர்ட்ஸில் விழும். 60 செ.மீ. என்றால் சுமார் 143இல். 30 செ.மீ. என்றால் 286இல்.

இதில் எனக்குப் பிடிக்காதது அந்த 60 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதி. ஆண்குரலின் கனமும் தாளக் கருவிகளின் உடலும் இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். "ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்" என்ற பொது அறிவுரையைக் கேட்டுப் பலர் வந்து நிற்பதும் இந்த இடத்தில்தான். சின்ன அறையில் அதைவிட நல்ல வழி, சுவரை ஒட்டி வைப்பது. அப்போது பள்ளம் மேல் அதிர்வெண்களுக்கு ஏறிப்போகும். அந்த அதிர்வெண்களில் ஸ்பீக்கர் ஓரளவு முன்பக்கமாகவே ஒலிக்கத் தொடங்கியிருக்கும் என்பதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். ஆனால் சுவர் அருகில் வந்தால் பாஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். அதற்குத் தோதான ஸ்பீக்கராகப் பார்க்க வேண்டும்: மூடிய பெட்டி அல்லது பாஸைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளது. பின்பக்கம் துளையுள்ள ஸ்பீக்கரை வைத்தே ஆகவேண்டும் என்றால் துளையில் ஸ்பாஞ்ச் அடைப்பானைச் செருகிப் பாருங்கள். பல கம்பெனிகள் பெட்டியிலேயே போட்டுக் கொடுக்கின்றன, நிறையப் பேர் அதை வெளியே எடுப்பதே இல்லை.

இன்னொன்று. பாஸைத் தரும் பெரிய கூம்பான வூஃபரிலிருந்து தரைக்கு, பக்கச்சுவருக்கு, ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவருக்கு என்ற மூன்று தூரமும் சமமாக அமைந்துவிடக் கூடாது. மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து பெரிய குழியாகிவிடும். டேப் வைத்து அளந்து, மூன்றும் மூன்று விதமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நகர்த்திப் பார்க்க நான் நம்புவது மிருதங்கத்தை. தனி ஆவர்த்தனம் உள்ள ஏதாவது ஒரு நல்ல பதிவு போதும். தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், கையை அழுத்தித் தேய்க்கும் கும்கி விழும்போது கவனியுங்கள். ஒலி ஒரே சுருதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஏறும். சரியான இடத்தில் நிற்கும் ஸ்பீக்கரில் அந்த வழுக்கல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கோடாகக் கேட்கும். தவறான இடத்தில் நடுவே ஓரிடத்தில் மட்டும் "தொம்" என்று உப்பி, அடுத்த கணம் மெலிந்துவிடும். வாசித்தவர் கைவரிசை என்று அதை நினைத்துவிட வேண்டாம், அது உங்கள் அறை. தரையில் ஒட்டுநாடாவால் குறி போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரைப் பத்துப் பத்து செ.மீ. நகர்த்தி அதே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒருவர் நகர்த்த, இன்னொருவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்டால் வேலை விரைவாக முடியும். உப்பல் குறைந்து வழுக்கல் நேராகும் இடம் கிடைத்ததும், அங்கே இரண்டிரண்டு செ.மீ.யாகச் சிறுகச் சிறுக நகர்த்துங்கள்.

பாஸ் அமைந்த பிறகுதான் ஸ்டீரியோ. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக இருப்பது நல்ல தொடக்கம். 1931இல் ஆலன் பிளம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, பெட்டியே இல்லாத இடத்தில், பாடுபவர் நிற்பதாகக் காது நம்ப வேண்டும். ஒரு தனிக்குரல் பதிவை மோனோவில், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி, ஓடவிடுங்கள். குரல் நடுவில் ஒரு வாயளவுக்குச் சுருங்கி நிற்க வேண்டும். அகலமாகப் படர்ந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் இருந்து, பாஸும் சோகையாக இருந்தால், ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரைப் படுக்கப் போடாதீர்கள். வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி வடிவமைத்த பெட்டியைப் படுக்கவைத்தால், இரண்டும் கைமாறும் அதிர்வெண்ணில் பக்கவாட்டில் பள்ளங்கள் விழும். தலையைக் கொஞ்சம் திருப்பினாலே ஒலி மாறும். அலமாரிதான் கதி என்றால் முன்விளிம்புவரை இழுத்து வைத்து, பக்கத்து இடைவெளிகளில் புத்தகங்களை அடுக்கிவிடுங்கள்.

முகத்தை எவ்வளவு உள்நோக்கித் திருப்புவது என்பது ஸ்பீக்கரைப் பொறுத்தது. காதுக்கு நேராகத் திருப்பினால் ட்ரெபிள் (உயர் அதிர்வெண் ஒலி) கூடும், நேர்முன்னாக விட்டால் குறையும். கேட்பவரின் தோளுக்குச் சற்று வெளியே குறிவைத்துத் தொடங்கலாம். கூசும் ட்ரெபிளைக் குறைக்க வயர் மாற்றுவோரைப் பார்த்திருக்கிறேன். ஐந்து டிகிரி திருப்பினால் போதும் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை.

பக்கச்சுவரில் பட்டு வரும் முதல் எதிரொலியைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் தடிமனான பஞ்சுப் பலகையோ புத்தக அலமாரியோ வைப்பது வழக்கம். சில மில்லி நொடிக்குள் வரும் இந்த எதிரொலியை நாம் தனி ஒலியாகக் கேட்பதில்லை, நேரொலியோடு ஒன்றாகவே கேட்கிறோம் என்பதை 1949இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வில் காட்டினார். தனியாகக் கேட்காவிட்டாலும் அது ஒலியின் நிறத்தை மாற்றும். எவ்வளவு மாற்றும் என்பது சுவரை நோக்கிப் போகிற ஒலியின் தரத்தைப் பொறுத்தது. அது நேராக வருவதைப் போலவே இருந்தால், எதிரொலி ஒலியை விரிவாக்கிக் காட்டும், பெரும்பாலும் இனிமையாகவே. தரைக்கு ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை, இரண்டும் போட்டுவிட்டுக் கைதட்டிப் பாருங்கள். "ட்ர்ர்ர்" என்ற உதறல் நின்றுவிட்டதென்றால் மேற்கொண்டு அறையைப் பஞ்சால் மூடத் தேவையில்லை.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பதும் அந்தப் பக்கவாட்டு ஒலியைத்தான். 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்துவைத்துப் பலரையும் கேட்கச் செய்தார். எது எந்தக் கம்பெனி, என்ன விலை என்று தெரியாதபோது மக்களின் ரசனை அவ்வளவாக வேறுபடவில்லை. நேராக வரும் ஒலி சமமாகவும், பக்கவாட்டில் போகும் ஒலி அதை ஒட்டியே சீராகக் குறைந்துகொண்டும் போகிற ஸ்பீக்கரையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். இன்று அந்த வழியில் எடுத்த அளவீட்டு வரைபடங்கள் ஏராளமான மாடல்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலேயுள்ள நேரொலிக் கோடு மட்டமாகவும், கீழேயுள்ள பக்கவாட்டு ஒலிக் கோடுகள் சீராகச் சரிந்தும், மேடுபள்ளமில்லாமல் போகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். விளம்பரத்தில் வரும் வர்ணனைகளைவிட அந்த வரைபடத்தை நான் நம்புகிறேன்.

"20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமில்லை. எத்தனை டெசிபல் (ஒலியளவின் அலகு) ஏற்ற இறக்கத்துக்குள் என்பது பக்கத்தில் இருக்க வேண்டும். கடையில் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது, கூடுதல் சத்தம் என்று தோன்றாமல் கூடுதல் தெளிவு என்றே தோன்றும். காது அப்படித்தான் ஏமாறும். பெரிய பெட்டி வாங்கும் ஆசையும் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் சின்ன அறையில் சுவரோரம் நிற்கப்போகும் ஸ்பீக்கருக்கு ஆழமான பாஸ் வரம் இல்லை, சுமை. நல்ல சின்ன ஸ்பீக்கர் இரண்டு வாங்கி, தேவைப்பட்டால் பிறகு பாஸுக்கென்றே தனிப் பெட்டியான ஒரு சப்வூஃபர் சேர்த்துக்கொள்ளலாம். பாஸுக்கு ஏற்ற இடத்தில் சப்வூஃபரும், குரலுக்கு ஏற்ற இடத்தில் ஸ்பீக்கரும் தனித்தனியாக நிற்கலாம் என்பது பெரிய வசதி. சப்வூஃபரை நாற்காலியில் தூக்கிவைத்து ஓடவிட்டு, நீங்கள் தரையோரமாகத் தவழ்ந்து கேட்டுப் பாருங்கள். பாஸ் சீராகக் கேட்கிற இடமே அதற்கு உரிய இடம்.

இப்போது ஆம்ப்ளிஃபையர். எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்றால், 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் கேட்கும் அளவு அது. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டுங்கள். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வெட்டவெளியில் ஒன்பதரை குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனாலும் 9 என்றே வைத்துக்கொள்வோம். ஆக, நாற்காலியில் 80. வீட்டில் உற்சாகமாகக் கேட்கும் சராசரி அளவு 75 டெசிபல். அதற்கு வேண்டியது மூன்றில் ஒரு பங்கு வாட்! திடீரென்று எழும் உச்சங்களுக்கு 20 டெசிபல் இடம் விட்டால் 95. அதற்குச் சுமார் 32 வாட். நேர்மையாக 50 வாட் தரும் ஆம்ப் இருந்தால் தாராளம். 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். சென்சிட்டிவிட்டி 82 உள்ள ஸ்பீக்கராக இருந்தால் அந்த 32 வாட் 80 ஆகிவிடும். ஸ்பீக்கர் தெரியாமல் ஆம்ப்பைப் பற்றிப் பேச முடியாது என்றது இதனால்தான்.

வாட்டைவிட நான் உன்னிப்பாகப் பார்ப்பது ஓம். 8 ஓம் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 4க்கும் கீழே இறங்கக்கூடும். அங்கே ஆம்ப் இரண்டு மடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டும். 8 ஓமில் 50 வாட், 4 ஓமில் 90 என்று எழுதியிருக்கும் ஆம்ப் நம்பகமானது. 4 ஓம் கணக்கே தராத ஆம்ப்பைக் கடினமான ஸ்பீக்கரோடு சேர்க்காதீர்கள். திணறும் ஆம்ப் அலையின் முனையை வெட்டும், அதில் எழும் கூடுதல் ட்ரெபிள் ட்வீட்டரை எரித்துவிடக்கூட முடியும்.

கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப்பின் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதன் இனிமைக்குப் பெரும்பாலும் எளிய காரணம் உண்டு. ஆம்ப்பின் வெளியீட்டுத் தடை 2 ஓம், ஸ்பீக்கரின் தடை 4க்கும் 20க்கும் இடையே ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்ற இறக்கம் இரண்டரை டெசிபலுக்கு மேலான ஒலி மாற்றமாகவே வெளிப்படும். சில ஸ்பீக்கரில் அது அழகாக அமையும், சிலவற்றில் கெடுக்கும். வாங்குமுன் அந்த ஸ்பீக்கரோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். மற்றபடி ஆம்ப்பின் மின்சுற்று ஏபி வகுப்பா டி வகுப்பா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நன்றாக வடிவமைத்த இரண்டு ஆம்ப்களை அவற்றின் வரம்புக்குள், ஒலியளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் வேறுபாடு கண்டுபிடிப்பது மிகமிகக் கடினம். வயருக்கும் அதே பதில்தான்: 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 5 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வரச் சேர்த்துத் தடை 0.07 ஓம் அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் அதில் தேட ஒன்றுமில்லை.

மிச்சப்படும் காசில் அளவிடும் மைக் ஒன்று வாங்கச் சொல்வேன். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். உங்கள் நாற்காலியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று படமாகவே காட்டிவிடும். மேட்டை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் வெட்டலாம், முக்கியமாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். அங்கே ஒலி கூடக்கூட அதை அழிக்கும் எதிரொலியும் அதே அளவு கூடும், ஆம்ப்பின் சக்தி வீணாவதுதான் மிச்சம். பள்ளத்துக்கு மருந்து நகர்த்துவது மட்டுமே. சோஃபாவை நகர்த்தவே முடியாத வீடுகளில் இந்த வெட்டுதல் உண்மையிலேயே கைகொடுக்கும். சுவரோர இருக்கைக்கு வருவது பெரும்பாலும் மேடுதான், பள்ளமில்லை.

ஆம்ப்பில் பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். குமிழே இல்லாததுதான் தூய்மை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒலியளவு குறையக் குறைய நம் காது பாஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு தணித்துவைத்துக் கேட்கும்போது பாஸ் குமிழை 3, 4 டெசிபல் ஏற்றுவது திருத்தம்தான், ஏமாற்று இல்லை. காலையில் வால்யூமைக் கூட்டும்போது மறக்காமல் அதைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள்.